நிலாக்கிழங்குக் குழம்பு

மாலை நாலு மணி பத்து நிமிடம். ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மூன்றாவது மாடிச் சமையலறையின் ஜன்னல் கதவைக் கொக்கியோடு பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. மழை என்று சொல்லிவிட முடியாத சாரல் கொசுவலையில் வந்து பட்டு, உள்ளே வரவும் மனமில்லாமல் கீழே விழவும் மனமில்லாமல் துளித்துளியாக நின்றது. மருதமலை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சாம்பல் நிறம் இருந்தது. தமயந்தி உருளைக்கிழங்கின் தோலைச் சீவிக்கொண்டிருந்தாள். தோல் அறுபடாமல் ஒரே சுருளாக வந்தால் அவர் சாப்பிடுவார் என்று இரண்டாவது கிழங்கில் நினைத்துக்கொண்டதும், அது பாதியில் அறுந்ததும், அறுந்தது கணக்கில் சேராது, கிழங்கில் கண் இருந்தது, கண் இருக்கிற கிழங்கை வைத்துச் சகுனம் பார்க்கக் கூடாது என்று அந்த நொடியிலேயே ஒரு விதியை இயற்றிக்கொண்டதும் அவளுக்கே அருவருப்பாக இருந்தது. சாயப்பட்டறையின் ஆய்வகத்தில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவள். கண்ணால் காணாத எதையும் எழுதி ஒப்பமிடாதவள். இப்போது கிழங்குத் தோலிடம் வரம் கேட்கிறாள். நாளைக் காலை மருத்துவமனையில் அவள் கணவர் திருமூர்த்தி ஒரு பதில் சொல்ல வேண்டும். வயிற்றில் சிறு துளையிட்டு உணவு செலுத்தும் குழாய் வைத்துக்கொண்டால் தொண்டைக்குக் கொடுக்கும் கதிர்வீச்சைத் தொடரலாம், இல்லையென்றால் இந்த உடம்பு தாங்காது, நிறுத்திவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். நிறுத்தினால் என்ன ஆகும் என்று அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை, அந்தக் கேள்வி மேஜைமேல் ஆறிப்போன காப்பியைப் போல இருவருக்கும் நடுவில் கிடந்தது. காரில் திரும்பும்போது திருமூர்த்தி, "நிறுத்திரலாம் தமயந்தி" என்றார், வீட்டுக்குப் பேப்பர் போடுவதை நிறுத்திவிடலாம் என்பதைப் போல. குழாய் வேண்டாம். அவருடைய அப்பா மூக்கில் குழாயோடு கிடந்ததை அவர் பார்த்திருக்கிறார். மூக்கு வேறு, வயிறு வேறு என்று அவள் சொல்லிப் பார்த்தாள். "எல்லாம் ஒரே குழாய்தான்" என்றார். வாயால் சாப்பிடவும் முடியவில்லை, குழாயும் வேண்டாம் என்றால் அதற்குப் பெயர் என்ன? அந்தப் பெயரை அவள் மனம் தொடப் போகும், தொடாமல் திரும்பிக் கிழங்குக்கு வரும், கிழங்கிலிருந்து மறுபடி கிளம்பும்.

ஒரு கிண்ணம் குழம்பால் உடம்பு தேறிவிடாது; அது அவளுக்குத் தெரியாமலில்லை. நாளைக்கு எடை பார்க்கும் இயந்திரத்தின் முள் இந்தக் கிண்ணத்துக்காக அசையாது. ஆனால் இன்றைக்கு ஒரு வாய் தானாக விரும்பித் திறந்த மனிதன் நாளைக் காலையில் சிகிச்சை வேண்டாம் என்று சொல்வானா? சொல்ல மாட்டான். சொல்லலாம். சொல்ல மாட்டான். கிழங்கு வெந்துகொண்டிருந்தது. முதலில் நாக்குதான் போயிற்று, தொண்டையில்லை. கதிர்வீச்சு தொடங்கிய மூன்றாவது வாரம், சாம்பார் சாதத்தை ஒரு பிடி வைத்துக்கொண்டு வெகுநேரம் மெல்லாமலே இருந்தார். "துருப்பிடிச்ச ஆணியைச் சூப்புனாப்புல இருக்கு" என்றார். அவள் தன் விரலால் தொட்டு நக்கிப் பார்த்து, "நல்லாத்தானே இருக்குதுங்க" என்றாள். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அந்த ஐந்து எழுத்தோ ஆறு எழுத்தோ, எத்தனையோ, அவை வாயைவிட்டுப் போன பிறகு அவர் முகத்தில் ஒரு கதவு சாத்திக்கொண்டதை அவள் பார்த்தாள். தப்பு குழம்பில் இல்லை, தன்னில் இருக்கிறது என்று தெரிந்துகொண்ட முகம். அன்றிலிருந்து அவருக்குச் செய்கிற எதையும் அவள் வாயில் வைத்துப் பார்ப்பதில்லை. அவளுடைய நாக்கின் தீர்ப்பு அந்த வீட்டில் செல்லாது. தாளிக்கிற வாசனை அவருக்குக் குமட்டியதால் தாளிப்பதை விட்டாள். தனக்கென்று வைத்த சோற்றைப் பின்பக்கப் பால்கனியில், கதவைச் சாத்திக்கொண்டு, துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் தட்டை வைத்து, நின்றபடி விழுங்கினாள். ஒருமுறை ஊறுகாய் தொட்டுக்கொண்டபோது வாயில் எச்சில் ஊறியது, அவருக்கு ஊறாத எச்சில், அதற்காக வெட்கப்பட்டாள். பசி எடுக்கிறதே என்று வெட்கப்பட்டாள். ஆரோக்கியமாக ருசிக்கிற நாக்கு ஒரு திருட்டுச் சொத்தைப் போல வாய்க்குள் கனத்தது.

ஹாலில் அவருடைய விளையாட்டின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது: பனியில் நடக்கிற காலடி, எங்கோ ஒரு ஓநாய். நாற்பத்தேழு வயதில் அந்த வீடியோ கேம் பெட்டியை வாங்கி வந்தபோது அவர் அலுவலகத்தில் எல்லோரும் சிரித்தார்கள்; நூற்பாலையின் கணக்குப் பிரிவில் நாள் முழுக்க எண்களோடு இருப்பவர், மாலையில் வாள் ஏந்திய ஒரு தாடிக்காரனை மலை மலையாக ஏற்றி இறக்குவார். அவளுக்கு அதில் ஈடுபாடு இருந்ததில்லை. "எதுக்குங்க அவனை இப்படி நடக்க விடறீங்க, ஒரு பஸ்ஸு கிடையாதா அந்த ஊர்ல" என்று கேட்டிருக்கிறாள். இப்போது அவர் சண்டை போடுவதில்லை, கைக்குப் பலமில்லை. தாடிக்காரனை ஒரு மலையடிவாரத்தில் உட்கார வைத்துச் சமைக்கச் சொல்கிறார். கிழங்கு, காளான், ஏதோ ஒரு பறவையின் முட்டை, சட்டியில் விழும், ஆவி எழும், தாடிக்காரன் உண்பான், திரையின் மூலையில் ஒரு பச்சைக் கோடு நீண்டு நிறையும். மறுபடி சமைப்பார். மறுபடி கோடு நிறையும். நேற்று அவள் கஞ்சியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகும்போது, அவளைப் பார்க்காமல் சொன்னார்: "இதை நான் தின்னதே இல்ல பாரு, நிலாக்கிழங்குக் குழம்பு. அதனால இது கெட்டுப்போகவும் இல்ல." அவ்வளவுதான். அவள் கஞ்சிக் கிண்ணத்தோடு சமையலறையில் வந்து நின்றுகொண்டு அந்த வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சாம்பாருக்கு அவர் நாக்கில் ஐம்பது வருடத்து ஞாபகம் இருக்கிறது. இன்றைய சாம்பார் அந்த ஞாபகத்தின் முன் நின்று ஒவ்வொரு முறையும் தோற்கிறது. தோசையும் ரசமும் அப்படியே. அவருக்குப் பிடித்தது எதுவோ அதுவே அதிகமாகக் காட்டிக்கொடுக்கிறது. ஆனால் யாரும் சமைத்திராத, யாரும் தின்றிராத ஒன்றுக்கு எந்த ஞாபகம் குறுக்கே நிற்கும்? அது எப்படி இருந்தாலும் அதுதான் அதன் ருசி. இதை ஏன் யாரும் சொல்லவில்லை, டாக்டர்களும் உணவு அட்டவணை தருகிற அந்தப் பெண்ணும் ஏன் சொல்லவில்லை? இப்படி வந்த நம்பிக்கையை அவள் நம்பவில்லை, ஆனாலும் விடவில்லை. அவர் அசந்து தூங்கியபோது நின்றுபோயிருந்த திரைக்கு அருகில் போய், சட்டியை மட்டும் பெரிதாக்கிக் கைப்பேசியில் படமெடுத்தாள்.

நிறம் என்றால் அவளுக்குத் தெரியும். மற்றது எதுவும் தெரியாத இந்த இடத்தில் அதையாவது பிடித்துக்கொள்ளலாம். நீலம், ஆனால் அடர்த்தியில்லை. பாலில் விழுந்த நீலம், அதில் சாம்பல் ஒரு கீற்று. ஷேடு பொருத்துவதென்றால் பொறுமைதான். துளியாகச் சேர்க்க வேண்டும், சேர்த்ததை எடுக்க முடியாது. வடிவத்தில் சேப்பங்கிழங்குதான் சரியாக இருந்தது, ஆனால் அது அரிக்கும், புண்ணான தொண்டையில் அரித்தால் என்ன ஆவது, அதனால் உருளை. காளானை வெண்ணெயாக அரைத்தாள். காரம் கூடாது, புளிப்பு கூடாது, உப்பு புண்ணில் பட்டால் எரியும் என்பதால் உப்பும் கூடாது. அபார்ட்மெண்டின் சுற்றுச்சுவரில் படர்ந்திருந்த சங்குப்பூவைக் காலையிலேயே பறித்து வந்து வெந்நீரில் ஊறப் போட்டிருந்தாள். அந்த நீலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கைப்பேசியைச் சட்டிக்குப் பக்கத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கி, இன்னும் ஒரு சொட்டு, போதும், இல்லை, இன்னும் ஒன்று. வேலை செய்கிற கை பயத்தை மறந்திருந்தது. அப்போதுதான் வசந்தாமணி உள்ளே வந்தாள். திருமூர்த்தியின் தங்கை; பொள்ளாச்சியிலிருந்து ராகி மாவும் நாட்டுக்கோழி முட்டையுமாக வந்து இறங்கியிருப்பவள்; அண்ணன் எதையும் தொடாததால் தான் கொண்டுவந்ததைத் தானே சமைத்துத் தானே சாப்பிட்டுக்கொண்டிருப்பவள். சட்டியை எட்டிப் பார்த்தாள். "என்னங்கண்ணி இது, வெள்ளையடிக்க நீலம் கலக்குனாப்புல இருக்குது." சாப்பாடுதான் என்றாள் தமயந்தி. "யாருக்குங்க?" "உங்கண்ணனுக்கு." வசந்தாமணி கரண்டியால் ஒரு சுற்றுக் கிளறிப் பார்த்தாள். "செவுரு வேணாக் குடிக்குமுங்க. எங்கண்ணன் குடிக்குமா?" தமயந்தி கரண்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "அந்த டிவிப் பொட்டில ஒரு தாடிக்காரனை ஓட்டீட்டே இருக்குதே, அவன் திங்கறதுங்களா இது?" "ஆமா வசந்தா." "அவனுக்குப் புடிச்சதைச் செஞ்சா எங்கண்ணன் வயிறு எப்படிங்கண்ணி நெறையும்" என்று கேட்டுவிட்டு, கேட்டதன் கனம் அப்போதுதான் தன் காதிலேயே விழுந்ததைப் போல, துடைத்த மேடையை மறுபடி துடைத்தாள். பிறகு தாழ்ந்த குரலில், "தேங்காப்பால் வேணுமுங்களா, நானு புழிஞ்சு தர்றேன்" என்றாள். பிழிந்த பால் விழுந்ததும் நீலம் வெளுத்து, படத்தில் இருந்ததற்கு மிக அருகில் வந்து நின்றது. தேன் ஒரு கரண்டி. ஆய்வகமாக இருந்தால் இதற்குச் சம்மதம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பாள்.

சட்டியிலிருந்து மண் கிண்ணத்துக்கு ஊற்றும்போது பயம் திரும்பி வந்தது. தூக்கிக்கொண்டு போக வேண்டும், அவர் முன்னால் வைக்க வேண்டும், அவர் பார்ப்பார், அந்தப் பார்வை வரைக்கும்தான் இந்தக் குழம்பு உயிரோடு இருக்கும். வைக்காமலே இருந்தால்? ஆறிப்போகும். ஆறினால் ஆவி வராது, படத்தில் ஆவி இருக்கிறது. நாளைக்கு இந்த நேரம் எங்கே இருப்போம்? மருத்துவமனைக் கட்டில் பக்கத்திலா, அல்லது இதே வீட்டில், சிகிச்சை முடிந்துவிட்டது என்று எல்லோரும் மெதுவாகப் பேசுகிற வீட்டிலா? அப்போதும் சமையலறை இப்படித்தான் இருக்கும், ஜன்னல் இப்படித்தான் ஆடும், அவள் சாத்திய கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு தின்பாள், பசிக்கும், பசிக்காமல் போகாது, அதுதான் கொடுமை. அவர் இல்லாத வீட்டிலும் அவளுக்கு ஒரு நாள் உப்பு சரியாக இருக்கிறது என்று தெரிந்துவிடும். கிண்ணத்தைப் பிடித்த விரல் சுட்டது. சுடட்டும் என்று பிடித்தபடியே ஹாலுக்கு வந்தாள்.

திருமூர்த்தி சோபாவில் இரண்டு தலையணைக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். சட்டைக் காலர் கழுத்தைச் சுற்றிலும் இடம் விட்டு நின்றது. கிண்ணத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி கிண்ணத்தைப் பார்த்தார். "என்னது?" குரல் காற்றாக வந்தது. "நிலாக்கிழங்குக் குழம்புங்க." அவர் கிண்ணத்தின் மேல் குனிந்தார். "ஏன் நீலமா இருக்கு?" "அதுல அப்படித்தானுங்களே இருக்குது" என்று கைப்பேசியை நீட்டினாள். அவர் அதை வாங்கிப் பார்த்தார். உதட்டின் ஒரு மூலை அசைந்தது. "அது நீலம் இல்ல தமயந்தி. வெள்ளை. பாலாட்ட வெள்ளை. ராத்திரி, பனி மலைல, நிலா வெளிச்சத்துல உக்காந்து திங்கறாங்க, அதனால எல்லாமே நீலமாத் தெரியுது. குதிரைகூட நீலமாத்தான் இருக்கும்." எந்த விளக்கின் கீழ் பார்த்தாய் என்பதுதான் சாயத் தொழிலின் முதல் கேள்வி. வேலைக்குச் சேர்ந்த பெண்களிடம் அதைக் கேட்டுக் கேட்டு அவள் தொண்டை வறண்டிருக்கிறது. ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு நிறம், குழல்விளக்கில் ஒரு நிறம், விளக்கைச் சொல்லாமல் நிறத்தைச் சொல்லாதே என்று. அவள் வெளிச்சத்தைச் சமைத்திருக்கிறாள். நிலாவைக் கரைத்து ஊற்றியிருக்கிறாள். காது சூடாயிற்று. அவர் தோள் குலுங்கியது; நெஞ்சிலிருந்து இரைச்சலாக ஒரு சத்தம் வந்தது; புரையேறிவிட்டது என்று அவள் பதறிக் குனிந்து முதுகில் கை வைத்தாள்; அவர் கையை ஆட்டி ஆட்டி வேண்டாம் என்றார். சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தை அவள் அடையாளம் கண்டுகொள்ள நேரமாயிற்று. "இருபத்தாறு வருசம் கலர் பாத்த அம்மா" என்றார் மூச்சு வாங்கிக்கொண்டு. சமையலறை வாசலில் வசந்தாமணி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

சிரிப்பு அடங்கியதும், "இன்னொரு கிண்ணம் எங்க?" என்றார். "எதுக்குங்க?" "உம் போட்டோவுல சட்டி மட்டும் இருக்கு. முழுசாப் பாத்தீன்னா அங்க ரெண்டு கிண்ணம். கூட ஒரு வில்லுக்காரி வருவா. அவ வந்து உக்காந்து ஒரு வாய் வெச்சாத்தான் இவனால திங்க முடியும். ஒத்தையா உக்காந்தா வெறுமனே தீயைப் பாத்துட்டு இருப்பான்." கொஞ்சம் நிறுத்தி, "நீ எங்க சாப்பிடறே?" என்று கேட்டார். அவள் சொன்னாள்: பால்கனியில், மிஷின் பக்கத்தில். "நின்னுட்டா?" "ம்." அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இத்தனை நாளும் மூன்று வேளையும் அவள் எதிரில் உட்கார்ந்து அவருடைய தொண்டை ஏறி இறங்குவதை, பரீட்சை அறையில் மேற்பார்வைக்கு நிற்பவளைப் போலப் பார்த்திருக்கிறாள். அவர் வாயைத் திறக்கும்போது தன் வாயையும் கொஞ்சம் திறந்திருக்கிறாள், வெறும் வாயை. படத்தைப் பெரிதாக்கியபோது விரலின் ஒரு தள்ளலில் ஓரமெல்லாம் வெளியே போய்விட்டது. வசந்தாமணி கிண்ணத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதுவும் சொல்லாமல் உள்ளே போனாள். தமயந்தி அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தனக்கும் பாதி ஊற்றிக்கொண்டு ஒரு ஸ்பூன் வாயில் வைத்தாள். உப்பு இல்லை; உறைப்பு இல்லை; காளான் வழுவழுவென்று நாக்கை மூடியது; பூவின் பச்சை வாடையின் மேல் தேன் திட்டாக நின்றது. விழுங்க முடியவில்லை. துப்பவும் முடியவில்லை. அவர் அவள் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எப்படி இருக்கு?" நல்லாத்தான் என்ற சொல் வழக்கம்போல எழுந்து நாக்கின் நுனிவரை வந்தது, குழம்பு அங்கே இடம் விடவில்லை. "கண்றாவியா இருக்குதுங்க." "மண்ணாட்டவா?" "மண்ணாயிருந்தாக்கூடப் பரவால்லீங்க. நனைஞ்ச சாக்பீஸாட்ட." அவர் அவளையே பார்த்தார், வெகுகாலம் வெளியூரில் இருந்தவர் தன் ஊர்ப் பேச்சைக் கேட்டதுபோல. "எனக்குத் தெனமும் அப்படித்தான்" என்றார். பிறகு ஸ்பூனை எடுத்தார். ஒன்று, கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார், இரண்டு, "நீயும் தின்னு, நான் மட்டும் எதுக்கு" என்றார், அவள் தின்றாள், அவர் மூன்றாவதை விழுங்கும்போது கழுத்து நரம்பு கயிறாக எழுந்தது, அடுத்தது உதட்டின் ஓரத்தில் நீலமாகத் திரும்பி வந்தது. அவள் துடைக்கப் போனாள், அவரே துடைத்துக்கொண்டார். கிண்ணத்தை நகர்த்தி வைத்தார். அவ்வளவுதான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இவ்வளவுக்குத்தானா அந்தக் கிழங்கும் பூவும். நாளைக்கு வேறு செய்யலாம், வெள்ளையாக, வேறு படம் பார்த்து, நாளைக்கு ஏது நாளை, காலையில் பதில் சொல்ல வேண்டுமே, என்று மனம் சுவரில் முட்டிய பூச்சியாகச் சுற்றும்போது அவர் பேசினார். "நாளைக்கு அதைப் போட்டுரலாம்." "எதைங்க?" "குழாயை." அவள் அசையவில்லை. அசைந்தால் அது கலைந்துவிடும். "வயித்துக்கு வேண்டியது அது வழியாப் போகட்டும். வாயை வெச்சு என்னால தெனமும் பரீட்சை எழுத முடியல தமயந்தி. நீ எதிர்ல உக்காந்து பாத்துட்டே இருக்கறே. வாய் சும்மா இருக்கட்டும். எப்பவாச்சும் உன்னோட உக்காந்து இந்த மாதிரி எதையாச்சும் நக்கிப் பாத்துக்கறேன்." எந்த வாயைத் திறக்க வைக்க இவ்வளவு நேரம் அடுப்படியில் நின்றாளோ அது இனி சும்மா இருக்கப் போகிறது. எந்தப் பதிலுக்காகக் கிழங்குத் தோலிடம் கெஞ்சினாளோ அதுவும் வந்துவிட்டது. இனி இவர் வாயால் சாப்பிடப் போவதில்லை என்று ஒரு குரலும், இவர் இருக்கப் போகிறார் என்று ஒரு குரலும், ஒரே நேரத்தில், ஒன்றை ஒன்று கேட்க விடாமல் பேசின. இருக்கப் போகிறாரா? எவ்வளவு நாள்? அவள் தன் கிண்ணத்தில் மிச்சமிருந்ததைப் பார்த்தாள். அது ஆறி, மேலே மெல்லிய ஆடை கட்டியிருந்தது. "இதை முடிச்சுரட்டுங்களா" என்று கேட்டாள். "வேண்டாம் விடு," என்றார் திருமூர்த்தி, "பொழைக்கோணுமில்ல."

மறுநாள் காலை காற்று நின்றிருந்தது. திருமூர்த்தி யாரும் எழுப்பாமலே எழுந்து சவரம் செய்துகொண்டார். கன்னத்தின் குழிவில் பிளேடு இறங்காமல் இரண்டு இடத்தில் கீறிக்கொண்டார். மருத்துவமனையில் டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வதற்குள், "போட்டுருங்க டாக்டர்" என்றார். சக்கர நாற்காலியில் உள்ளே போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை. வசந்தாமணி வீட்டில் இருந்தாள். நீலம் ஏறிய சட்டியைப் புளி போட்டுத் தேய்த்தாள். புளி பட்டதும் நீலம் ரோஜா நிறமாக மாறவே, அண்ணியின் பாத்திரத்தைக் கெடுத்துவிட்டோம் என்று பயந்து, நாலு தண்ணீர் ஊற்றிக் கழுவித் துடைத்து, மற்ற சட்டிகளுக்கு அடியில் கவிழ்த்து வைத்தாள். தமயந்தி அறுவை அரங்கின் வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கீழே இறங்கி, மருத்துவமனை கேண்டீனில், ஒரு சிறுமிக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்த ஆளுக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு இட்லி கேட்டாள். சட்னியில் உப்பு கூடுதலாக இருந்தது. பரிமாறியவரைக் கூப்பிட்டு அதைச் சொன்னாள். "மாஸ்டர் புதுசுங்க மேடம், சாம்பார் வேணா ஊத்தட்டுங்களா" என்றார் அவர். "ஊத்துங்க" என்றாள். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கக் கை வரவில்லை, கை சாப்பிட்டுக்கொண்டிருந்தது.